நெப்டியூனுக்குள் இருந்த மூச்சு

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு செய்முறைக் குறிப்பில் பிறந்தது. வீட்டிலேயே எளிதாகச் செய்யும் காகிதக்கூழ்ப் பொருட்கள்: ஒரு கோப்பை மைதா, இரண்டு கோப்பை தண்ணீர், பழைய செய்தித்தாள், ஒரு பலூன். தாளைக் கத்தரிக்கக் கூடாது, கையால் கிழிக்க வேண்டும். பசையில் தோய்த்துப் பலூன்மேல் மூன்று அடுக்கு ஒட்ட வேண்டும். ஆறாவது வரி: 'நன்றாகக் காய்ந்ததும் ஊசியால் பலூனைக் குத்திவிடவும்.' அங்கே நின்றவன் இன்னும் நகரவில்லை. பலூனை ஊதியது யார் என்ற கேள்வி வந்து தொலைத்தது.

2

முதல் தொடக்கம்: 'டுலூத்தில் அந்த வருடம் பனி அதிகம்.' (அமெரிக்காவின் வடகோடி ஊரில் எந்த வருடம் குறைவு? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'மார்னி கணவனை இழந்த ஐந்தாவது வாரத்தில்—' (எடுத்த எடுப்பிலேயே கொன்றுவிட்டால் அவனுக்காக யார் அழுவார்கள்?)

மூன்றாவது: 'ரஸ் பலூன் ஊதிக்கொண்டிருந்தான்.' இது இருக்கட்டும்.

3

ரஸ், மார்னியின் கணவன். மகள் ஐவிக்கு எட்டு வயது. வகுப்பில் ஆளுக்கொரு கோள் செய்து வரச் சொன்னதில் அவள் பங்குக்கு வந்தது நெப்டியூன்.

"அப்பா, உங்க மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடுச்சு."

"நீ ஊதிப் பாரு, தெரியும்."

"இன்னும் கொஞ்சம்ப்பா. நெப்டியூன் பெருசு."

"போதும் ரஸ், முடிச்சுப் போடு," என்றாள் மார்னி. "வெடிச்சா மறுபடியும் முதல்லேர்ந்து ஊதணும், அப்புறம் ராத்திரிச் சாப்பாடு கிடையாது."

மூவரும் தாள் ஒட்டினார்கள். மறுநாள் காலை வாசலில் பனி அள்ளப் போன ரஸ் அங்கேயே விழுந்தான். மாரடைப்பு.

(அவனைப் பிழைக்கவைத்தும் எழுதிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான், பலூனைக் குத்தினான், நீலம் அடித்தான். குடும்பம் நன்றாக இருந்தது, கதைதான் இல்லை. ஒரு கதைக்காக மனிதனைக் கொன்றிருக்கிறேன். அது உறுத்துகிறது.)

4

ஐந்து வாரமாக அந்த உருண்டை குளிர்சாதனப் பெட்டியின்மேல் இருக்கிறது. உச்சியில் பலூன் முடிச்சு நீட்டிக்கொண்டிருக்கிறது.

"குத்தலாமாம்மா?"

"இன்னும் காயலை."

"அஞ்சு வாரமாவா? அது மாவும்மா, சிமெண்ட் இல்ல."

"காயலைன்னா காயலை, ஐவி."

ரஸ்ஸின் சட்டைகளில் வாசம் போய்விட்டது. இந்த வீட்டில் அவனுடையதாக மிச்சமிருப்பது அந்தப் பலூனுக்குள் இருக்கும் மூச்சுதான். அதைக் குத்திவிடச் சொல்ல மார்னிக்கு வாய் வரவில்லை.

[அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: பலூன் ரப்பர் காற்றைப் பிடித்து வைக்காது. சில வாரங்களில் உள்ளுக்குள்ளேயே சுருங்கி, தாளை விட்டுக் கழன்றுவிடும். ஓடு மட்டும் அப்படியே நிற்கும். எனக்குத் தெரியும். மார்னிக்குத் தெரியாது. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.]

5

ஒரு முடிவு: மார்னி குத்துகிறாள். சத்தமே வரவில்லை. (எழுதிவிட்டு என்னாலேயே படிக்க முடியவில்லை.)

இன்னொன்று: கடைசிவரை குத்தாமலே— (பொய். வீடு மாறும்போது யாராவது நசுக்கிவிடுவார்கள்.)

அடுத்ததை நான் யோசிக்கவில்லை. ஐவி செய்தாள். ஞாயிறு மதியம், அம்மா மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நாற்காலி போட்டு ஏறி முடிச்சைத் தொட்டாள். அது உள்ளே விழுந்துவிட்டது. துளையில் டார்ச் அடித்துப் பார்த்தாள். அடியில் சுருங்கிய ரப்பர், அவ்வளவுதான்.

நாற்காலியிலிருந்து இறங்கினாள். பிறகு மாவு கரைத்து, தாள் கிழித்து, துளையை மூடினாள்.

அம்மா இறங்கி வந்ததும் சொன்னாள்: "டீச்சருக்கு வேற செஞ்சுக்கிறேன்மா. இதைக் குத்த வேணாம்."

"ஏன் கண்ணு?"

"உள்ள அப்பா காத்து இருக்குல்ல."

மார்னி கைநீட்டி உருண்டையை எடுத்தாள். முடிச்சைக் காணோம். அந்த இடத்தில் விரல் ஈரத்தில் புதைந்தது. லேசாகச் சாய்த்தபோது, உள்ளே ஏதோ சின்னதாக உருண்டது.

6

இதற்குமேல் என்னால் எழுத முடியாது. மார்னி உருண்டையோடு நிற்கிறாள். ஐவி அம்மாவின் முகத்தையே பார்க்கிறாள். மார்னி அழுதால் பிள்ளை சொன்ன பொய் வீணாகிவிடும். அழாவிட்டால் அந்தப் பொய்யை அவள் தனியாகச் சுமக்க வேண்டும், எட்டு வயதில்.

அவள் அப்பாவைக் கொன்றவன் நான். அந்தச் சமையலறைக்குள் நுழைய எனக்கு முகமில்லை. நீங்கள் போங்கள். முதலில் யாரிடம் பேசுவது என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள்.