ஊரோக் படையால் என்ன பிரயோசனம்

ஊரோக் படையால் போரில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நான் ஒன்றரை வருடம் விடாமல் எழுதினேன். வாரத்துக்கு ஒரு கடிதம். அப்படி ஒரு படை உலகத்திலேயே கிடையாது என்று கணேசமூர்த்தி வாரத்துக்கு ஒரு பதில் எழுதினான். உலகத்தில் கிடையாதுதான். ஊரோக் என்பவர்கள் வேற்றுக் கிரகத்து ஆட்கள். என் வீட்டில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் இருந்தார்கள்.

பெட்டி எண்பத்தோராம் ஆண்டு வந்தது. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் மாஸ்டர். பழைய துரை பங்களாவில் விட்டுப்போன சாமான்களைப் புதுத் துரை ஒதுக்கியபோது, பள்ளிக்கூடத்துக்கு ஆகும் என்று ஒரு மூட்டையை அனுப்பிவைத்தார். அச்சு முறிந்த ஓர் உலக உருண்டை, பூஞ்சணம் பிடித்த இரண்டு அகராதி, அவற்றோடு இந்த விண்வெளிப் போர் விளையாட்டு. பிள்ளைகளுக்கு ஆகிற சாமான் இல்லை அது. விதிப்புத்தகம் மட்டும் அறுபது பக்கம், அத்தனையும் ஆங்கிலம். கணேசமூர்த்தி அப்போது எங்கள் தோட்ட ஆபீசில் கிளாக்கர். இரண்டு பேருக்கும் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. எனக்காவது சிசிலி வந்து சேர்ந்தாள், அவனுக்கு அதுவும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அகராதியும் கையுமாக அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தோம்.

விளையாட்டின் அட்டைப் பலகையைப் பங்களாவின் ஈரம் தின்றிருந்தது. கிரகங்களின் பெயர்கள் ஒன்றும் தெரியவில்லை. அதன் மேல் புதுக் காகிதம் ஒட்டி, வட்டம் போட்டு, பெயர் எழுதினேன். ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாது, ஞாபகத்திலும் நிற்காது என்று எங்களுக்குத் தெரிந்த ஊர்களையே வைத்தேன். நானுஓயா, கொட்டகலை, நோட்டன் பிரிட்ஜ் என்று பதினெட்டுப் பெயர். யோசனை என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது.

தோட்டத்து ஆட்கள் தோட்டத்து மாதிரிதான் விளையாடுவோம். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புகிற வழக்கத்தையே அந்த விளையாட்டுக்கும் கொண்டுவந்தோம். ஒரு முறை காய் நகர்த்தினால் ஓர் ஆட்டம், ஒவ்வோர் ஆட்டமும் ஒரு பெரட்டு. கப்பலைக் கப்பல் என்று சொல்லவே மாட்டோம், ஆள் என்போம். தோட்டப் பிரிவைச் சொல்கிற மாதிரியே இத்தனை ஆள் மேல்கணக்குக்கு, இத்தனை ஆள் கீழ்க்கணக்குக்கு. தளபதிக்கு, தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிறவரைப் போல, கண்டாக்கு என்று பெயர். சிரித்துச் சிரித்து வயிறு நோகும்.

ஊரோக் படைக்கு நாற்பது கப்பல். பலகையின் எந்த மூலைக்கும் ஒரே ஆட்டத்தில் போகும், போன இடத்தை எரிக்கும். ஆனால் இறங்கி நிற்காது. அடுத்த ஆட்டத்தில் கிளம்பியே ஆக வேண்டும். மனிதர் படைக்கு அறுபது கப்பல். ஆமை வேகம்தான், ஆனால் இறங்கும், பிடிக்கும், காவல் வைக்கும். ஐம்பது ஆட்டத்துக்குள் மனிதர் பாதிக் கிரகங்களைப் பிடித்தால் மனிதருக்கு வெற்றி, பிடிக்காவிட்டால் ஊரோக்குக்கு. பெட்டி என்னுடையது என்ற திமிரில் நான் மனிதர் படையை எடுத்துக்கொண்டேன். மிஞ்சினது மூர்த்திக்கு.

எண்பத்து மூன்றில், கலவரம் அடங்கிய பிறகு, அவனை நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். சந்திப்பது அபூர்வமாகிவிட்டது. ஆட்டம் தபாலில் போனது. கடிதம் வருகிற அன்று பலகையைப் பெட்டியிலிருந்து எடுத்து என் வீட்டு மேசையில் விரிப்பேன். அவன் எழுதுகிறபடி அவன் கப்பல்களையும் நானே நகர்த்தினேன். ஆட்டத்தை விட வாக்குவாதம்தான் அதிகம். ஓர் இடத்தில் காலூன்ற முடியாத படை படையே இல்லை என்பது என் கட்சி. அவன் ஒரு தடவை இப்படி எழுதினான்:

"மாஸ்டர், உங்கள் அறுபது ஆளில் முப்பது பேர் கொட்டகலையை விட்டு நகரவில்லை, கவனித்தீர்களா? நான் வருவேனோ என்று உட்கார்ந்திருக்கிறார்கள். நான் வரவே இல்லை. வராமலே முப்பது ஆளைக் கட்டிப்போடுகிற படைக்கு வேறு என்ன பிரயோசனம் வேண்டும்?"

பயப்படுகிறவன் மடையனாக இருந்தால்தான் உன் படைக்கு வேலை என்று பதில் எழுதினேன். அந்த வரியில் எனக்கு மெத்தப் பெருமை. சிசிலிக்கும் வாசித்துக் காட்டினேன்.

வடக்கில் சண்டை மூண்டிருந்த எண்பத்தைந்து மாசியில், வீதித் தடையில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்திச் சோதித்தபோது மூர்த்தியின் சட்டைப்பையில் எனக்கு அனுப்ப வைத்திருந்த கடிதம் அகப்பட்டது. அந்த வாரத்து ஆட்டம். "திங்கள் பெரட்டுக்கு நாற்பது ஆளும் தயார். நோட்டன் பிரிட்ஜுக்கு இரண்டு ஆள் போதும், எரித்துவிட்டு நிற்காமல் வந்துவிடுவார்கள். மிச்சப் பேர் நானுஓயாவில் காத்திருப்பார்கள்." நோட்டன் பிரிட்ஜில் அணைக்கட்டும் மின்சார நிலையமும் இருப்பது எங்களுக்குத் தெரியாததா? தெரியும். ஒன்றரை வருடத்தில் ஒரு நாள் கூட எங்கள் மரமண்டைக்கு அது உறைக்கவில்லை.

உறையில் என் விலாசம் இருந்தது. மறுநாள் மூன்றாம் பாடவேளையில் ஜீப் வந்தது.

முகாமில் என்னை விசாரித்த லெப்டினனுக்கு என்னை விடப் பத்து வயது குறைவாக இருக்கும். அடிக்கவில்லை, ஏசவில்லை, உட்காரச் சொன்னார். மூர்த்தியின் அறையிலிருந்து என் கடிதங்களையும், என் வீட்டிலிருந்து அவனுடைய கடிதங்களையும் எடுத்து வந்து மேசையில் இரண்டு அடுக்காக வைத்திருந்தார்கள். என் கடிதங்களைத் தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ்காரர் விடிய விடிய மொழிபெயர்த்து எழுதியிருந்தார். நாங்கள் பேசியது சிங்களத்தில்.

"உங்கள் கடிதம் எல்லாவற்றிலும் இந்தப் படை உதவாது, இந்தத் தாக்குதல் வேண்டாம் என்றுதான் இருக்கிறது. உங்கள் சிநேகிதர் வேண்டும் என்கிறார். சரிதானே?" என்றார்.

"சேர், அது விளையாட்டு. வேற்றுக் கிரகத்துக் கப்பல்கள். அட்டைப்பெட்டியில் வருகிற விளையாட்டு."

"அவரும் அதைத்தான் சொல்கிறார்." பேனாவை மூடினார். "என் தம்பிக்கு இந்த மாதிரி விண்வெளி விளையாட்டு என்றால் பைத்தியம். அதனால் முழுப் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டி எங்கே?"

"வீட்டில் அலுமாரியில் இருக்கிறது. கடிதத்தைத்தான் கேட்டார்கள், கொடுத்தேன். பெட்டியை யாரும் கேட்கவில்லை."

"நாளை மத்தியானத்துக்குள் கொண்டு வாருங்கள். பார்த்துவிட்டுப் பேசுவோம். அதற்குப் பிறகு இந்த விஷயம் என் கையில் இருக்காது."

வெளியே வருகிற நடையில் ஒரு மர வாங்கில் மூர்த்தி உட்கார்ந்திருந்தான். கீழுதடு வீங்கியிருந்தது. என்னைத் தொடாதவர்கள் அவனைத் தொட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான், காவலுக்கு நின்றவன் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"பெட்டிய கொண்டாங்க மாஸ்டர்," என்றான். "அந்த இங்கிலீசு புஸ்தகத்தையும் மறந்துறாதீங்க. பொறகு எல்லாம் சரியாயிரும்."

"கட்டாயம் கொண்டாறேன்," என்றேன். சத்தியமாக அந்த நேரத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்தேன். விதிப்புத்தகம் இருந்தது. பிளாஸ்டிக் கப்பல்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே பலகை இருந்தது. பதினெட்டு வட்டம், பதினெட்டு ஊர், ஒவ்வொன்றும் என் முத்தான கையெழுத்தில். நோட்டன் பிரிட்ஜைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு கோடு வேறு, அழகுக்காகப் போட்டது. அதுவரை அவர்கள் பார்வையில் நான் தாக்குதல் வேண்டாம் என்று சொன்ன ஆள். இந்தப் பலகையை அந்த மேசையில் விரித்தால் இந்த ஊர்ப் பெயர்களைத் தேர்ந்தெடுத்த ஆளே நான்தான் என்று ஆகிவிடும். மூர்த்தி அவற்றைப் பார்த்து எழுதினான், அவ்வளவுதான்.

பலகையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோகலாமா என்று யோசித்தேன். பலகை எங்கே என்று முதல் கேள்வியே வரும். மேலே ஒட்டின காகிதத்தை நகத்தால் கிளப்பிப் பார்த்தேன், பசை விடவில்லை. கீழே தொழிலாளர் லயத்துப் பக்கம் ஜீப் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் வரவில்லை, டவுன் ரோட்டில் ஏறிப் போய்விட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

சிசிலி அங்கே நின்றாள். "என்னாங்க யோசிக்கிறீங்க? அத எடுத்துக்கிட்டுப் போயி குடுத்தா அந்த மனுசன விட்டுருவாங்கல்ல?" என்றாள்.

"என்னைப் புடிச்சு வச்சிக்குவாங்க."

"உங்கள எதுக்கு?"

பலகையை நாலாக மடித்து அடுப்பில் வைத்தேன். பிறகு விதிப்புத்தகம். பிறகு கப்பல்கள். பிளாஸ்டிக் எரிகிற நாற்றத்தில் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனாள். அன்று சாயங்காலம் எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுத் திரும்பவும் வாசலுக்கே போனாள்.

மறுநாள் முகாமுக்கு வெறுங்கையோடு போனேன். போகாமல் இருந்தால் தேடி வருவார்கள் என்ற பயம்தான், வேறு நல்ல காரணம் ஒன்றும் இல்லை. லெப்டினன் மேசையில் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்.

"பெட்டி?"

"இல்லை சேர்."

"காணாமல் போய்விட்டதா? நேற்று அலுமாரியில் இருக்கிறது என்றீர்களே."

"அவன் அப்படி ஒரு பெட்டி இருப்பதாக எழுதுவான். நானும் இருக்கும் என்று நம்பிச் சொல்லிவிட்டேன். பெட்டியை என் கண்ணால் கண்டதில்லை."

பொய் என்று அவருக்குத் தெரிந்தது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் எது பொய் என்று அவருக்கு எப்படித் தெரியும்? விளையாட்டு என்று நான் சொன்னதா, பெட்டியைக் கண்டதில்லை என்று சொன்னதா? இரண்டு அடுக்குக் கடிதத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டினார். "நீங்கள் போகலாம்," என்றார்.

மூர்த்தியைத் தெற்கே எங்கோ ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. அந்த மாதமே நோட்டன் பிரிட்ஜ் பாலத்தில் மணல் மூட்டை அடுக்கி ஆமிக்காரர்களை நிறுத்தினார்கள். நானுஓயா ஸ்டேஷனிலும் நிறுத்தினார்கள். வேறு காரணமும் இருந்திருக்கலாம், நாட்டில் அப்போது காரணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மழையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு அந்தப் பையன்கள் வராத ஒருவருக்காகக் காவல் நிற்பதைப் பஸ்ஸிலிருந்து பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மூர்த்தி எழுதிய அந்த முப்பது ஆள் ஞாபகம் வரும்.

எண்பத்தேழில் லோரன்ஸ் என்று ஒருவர் என்னைத் தேடி வந்தார். டிக்கோயாப் பக்கத்து லொறி டிரைவர், நாற்பது வயது இருக்கும், ஒரு காலைச் சாய்த்து நடந்தார். மூர்த்தி இருந்த இடத்தில் பதினாலு மாதம் இருந்துவிட்டு வெளியே வந்தவர். அவருடைய தம்பி இன்னும் உள்ளேதான், மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க விடுகிறார்களாம். சிசிலி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். போகாமல் கதவடியிலேயே நின்றாள்.

"கிளாக்கரு நல்லா இருக்காருங்க மாஸ்டர்," என்றார் லோரன்ஸ். "ஒரு காது கேக்கல, மத்தபடி நல்லா இருக்காரு. தரையில கரிக்கட்டியால வட்டம் போட்டு எங்க எல்லாருக்கும் அந்த வெளையாட்ட சொல்லிக்குடுத்தாரு. எங்க மாஸ்டர் பெட்டிய எடுத்துக்கிட்டு வருவாரு, அப்ப பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

நான் தேத்தண்ணிக் கிளாசை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அவரு பாட்டுக்கு யோசிப்பாருங்க. பெட்டி எங்கயாச்சும் மாட்டிக்கிருச்சா, இல்ல மேல உள்ள ஆளுக பாக்க மாட்டேங்கிறாங்களா, மாஸ்டருதான் பாவம் ஒவ்வொரு ஆபீசா, கந்தோரா ஏறி எறங்குவாருன்னு. ஒங்களுக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. மாஸ்டர் எழுதுனதுதான் சரி, ஊரோக் படையால ஒரு பிரயோசனமும் இல்ல, நான் ஒத்துக்கிட்டேன்னு சொல்லச் சொன்னாரு. அத கேட்டா மாஸ்டருக்கு சந்தோசமா இருக்குமாம்."

"அவன் சொன்னதுதான் சரி," என்றேன். "நான் எழுதுனது தப்பு. அத அவன்கிட்ட சொல்லுங்க."

"சரிங்க. பெட்டிய பத்தி என்னா சொல்ல?"

கதவடியில் சிசிலி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை அந்த முன்பின் தெரியாத மனிதரிடம் சொன்னேன். "எரிச்சுட்டேன். அன்னைக்கே எரிச்சுட்டேன். அதுல என்னோட கையெழுத்து இருந்திச்சு."

லோரன்ஸ் தேத்தண்ணிக் கிளாசைக் கீழே வைத்தார். குடிக்கவில்லை. சாய்ந்த காலை இழுத்து எழும்பினார். ஏசுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"இத அவருகிட்ட சொல்ல என்னால ஏலாது," என்றார். "பெட்டி வருதுன்னே சொல்றேன். அது இல்லாட்டி அங்க அவருக்கு ஒண்ணும் இல்ல."