தரையைத் தொட்ட விளிம்பு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனை. உதறி, தலைக்கு மேல் தூக்கி, நடந்து வந்து சேர்க்க வேண்டும். குள்ளியும் நெட்டையும் வயசெல்லாம் அதைத்தான் செய்தார்கள்.

இன்று சாயங்காலத்துக்குள் குள்ளி பதில் சொல்ல வேண்டும். இன்னும் ஒரு வருடம் வேலையா, இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வதா?

நின்றுவிடத்தான் ஆசை. முழங்கால் உயிரை எடுத்தது. ஆனால் வீட்டில் யார் உட்கார விடப்போகிறார்கள்? "நீ வீட்டுல இருந்தா இரட்டைங்களை உங்கிட்ட விட்டுட்டு நான் வேலைக்குப் போயிடுவேம்மா" என்று மகள் இப்போதே ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரரோ ஓய்வு பெற்ற நாளிலிருந்து நாற்காலியோடு ஒட்டிக்கொண்டவர்.

அதையெல்லாம் சமாளித்துவிடலாம். நெட்டையை என்ன செய்வது? தனிக்கட்டை. ஜோடி போய்விட்டால் அவளைத் தேய்ப்பு மெஷினுக்கு அனுப்பிவிடுவார்கள்; அந்தச் சூடு அவளுக்கு ஆகாது. கொஞ்ச நாளாக முனையைத் தாழ்த்தியே பிடிக்கிறாள், தோள் வலி போல. குள்ளியும் வாய் திறக்காமல் தன் முனையைத் தாழ்த்திக்கொண்டாள்.

சூப்பர்வைசர் ஒரு விரிப்போடு வந்தான். விளிம்பெல்லாம் கறுப்பு.

"ஏம்மா, துவைச்ச துணியால தரையைக் கூட்டுறீங்களா?"

"துடைப்பம் கிடைக்கலை தம்பி," என்றாள் நெட்டை.

அவன் சிரிக்காமல் போனான்.

"தோள் வலின்னா சொல்லித் தொலைக்கறதுக்கென்னடி?" என்றாள் குள்ளி.

"எனக்கென்ன வலி? நீ எட்ட முடியாம முழங்காலைப் பிடிச்சே. உனக்காக இறக்கினேன். நீயும் இறக்கினே. சரி, இன்னும் முடியலைபோலன்னு நானும் இறக்கினேன்."

"நான் உனக்காகத்தானேடி இறக்கினேன்!"

இருவரும் அழுக்கு விளிம்பைப் பார்த்தார்கள். சிரிக்கவும் தெம்பில்லை.

"எங்க, ஒழுங்கா தூக்கு."

தூக்கினார்கள். நெட்டையின் கை மேலே போய் நடுங்கியது. குதிகாலை எழுப்பக் குள்ளியின் முழங்கால் விடவில்லை. விரிப்பு தொய்ந்து மறுபடி தரையைத் தொட்டது.

"வலி இல்லையாக்கும்," என்றாள் குள்ளி.

நெட்டை பேச்சை மாற்றினாள். "போயிடுவியா?"

"போறேன்."

"அப்ப நானும் வேலையை விட்டு நின்னுடறேன். சுவத்தோட பேசிக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்."

"சுவத்தோட எதுக்கு? காலையில எங்க வீட்டுக்கு வா. ரெண்டு வாண்டுங்க. ஆளுக்கொண்ணு பிடிச்சுக்கலாம்."

"உதைக்குமே?"

"உதைக்கும். அழுக்கானா கேட்க சூப்பர்வைசர் இல்லை."

நெட்டை விரிப்பைச் சுருட்டி, திரும்பத் துவைக்கும் கூடையில் போட்டாள். அடுத்ததை எடுத்தார்கள்.

சாயங்காலம் குள்ளி பதில் சொல்லப் போனபோது நெட்டையும் கூடவே போனாள்.