அக்கா கேட்ட ஒரு நாள்

1

இந்தக் கதை ஒரு போன் பேச்சில் பிறந்தது. பேசியது அக்கா. கேட்டது நான். நாங்கள் எதிர்பார்க்காமல் கேட்டுவிட்டவர் அப்பா.

"எனக்கு ஒரு நாள் நிம்மதி வேணும்டா. ஒரே ஒரு நாள். அப்புறம் என்ன வேணா ஆகட்டும்."

அப்போது அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடைச் சட்டைகளுக்குக் காலர் வைத்துக் கொடுக்கிறாள், நாளுக்கு அறுபது. லாரி ஓட்டிய அப்பா இரண்டு வருடமாகப் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்து படுக்கையில் கிடக்கிறார். பேச்சும் பாதி போய்விட்டது. மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு துணித் திரைதான். அவர் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை நாங்கள் இருவருமே மறந்துபோனோம்.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "நிம்மதி என்பது தேடுகிறவனிடமிருந்து ஓடிப்போகும் ஒரு" — ஓடிப்போகும் எது? மானா, நிழலா? யோசிக்கக்கூட அலுப்பாக இருந்தது. அடித்துவிட்டேன்.)

2

மறுநாள் காலை அப்பா வாயைத் திறக்கவில்லை. கரண்டி உதட்டில் பட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு மடக்குத் தண்ணீர், அவ்வளவுதான். சாயங்காலம் வந்து பார்த்த நர்ஸ், "முழுங்க முடியுது. முழுங்க மாட்டேங்கிறார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டாள். மூன்று மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"ஏம்ப்பா சாப்பிட மாட்டேங்கறீங்க?"

இடக்கை விரலால் திரையைக் காட்டினார். வாயைக் கோணி, சொல்லைக் கடித்துக் கடித்து வெளியே தள்ளினார். "அவ... நி... நிம்..."

மிச்சத்தை நானே சொல்லி முடித்தேன். தலையாட்டினார். முகத்தில் ஒரு பெருமை இருந்தது, மகளுக்குத் தன்னால் ஆன ஒன்றைச் செய்துவிட்ட பெருமை.*

* அந்தப் பெருமை அங்கே இருந்ததா, நான் எழுதிச் சேர்த்தேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை நீக்கினேன். இரண்டு முறையும் திரும்ப எழுதிவிட்டேன்.

3

அக்காவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று திண்டாடினேன். கடைசியில் சொன்னேன். "அவள் கதறி அழுதாள்" என்று முதல் பிரதியில் இருக்கிறது. பொய். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கே. பேசி முடிச்சுட்டுத் திரைய விலக்கினேன். என்னையே பார்த்துட்டு இருந்தாரு."

"அப்புறம் ஏன்கா..."

"மறுநாள் காலைல ஒரு வேளைதானேன்னு விட்டேன். மதியம் கிண்ணத்தையே எடுக்கல. சும்மா உட்கார்ந்தேன். ஊட்டறது இல்ல, தொடைக்கறது இல்ல. டீய ஆறவிடாம குடிச்சேன். நல்லா இருந்துச்சுடா." காலரைத் திருப்பி, அதன் மூலையைக் குச்சியால் குத்தி எடுத்தாள். "அரை மணி நேரம். அப்புறம்தான் எதனால நல்லா இருக்குன்னு உறைச்சுது. அதச் சொல்லத்தான் உன்ன வரச் சொன்னேன். வேற யார்கிட்ட சொல்றது?"

நிம்மதியை விரும்புவது அதை அடைய உதவுமா, குறுக்கே நிற்குமா என்று ஒரு பத்தி இங்கே வர வேண்டும். எழுதியும் வைத்திருந்தேன், அழகான பத்தி. அக்காவின் அரை மணி நேரத்துக்கு முன்னால் அது நிற்கவில்லை. அவள் கேட்டாள், கிடைத்தது. கிடைத்த வேகத்தில் கசந்தது. கேட்டதுதான் தப்பு என்கிறீர்களா? இரண்டு வருடம் வாய் திறந்து எதுவும் கேட்காமல்தான் இருந்தாள். அப்போது மட்டும் நிம்மதி அவளைத் தேடி வந்ததா என்ன?

4

நான்காம் நாள் காலை மெஷினை நிறுத்திவிட்டுக் கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே போனாள். நான் திரைக்கு இந்தப் பக்கம்.

"எனக்கு நிம்மதி தரணும்னுதான பட்டினி கெடக்கறீங்க? மூணு நாளாத் தூக்கமில்ல எனக்கு. அறுபது காலர்ல இருபது கோணலாப் போய்ப் பிரிச்சுத் தைக்கிறேன். இதுவா நிம்மதி? ஆமா, சொன்னேன். சலிச்சுப்போய்ச் சொன்னேன். நாளைக்கும் சொல்லுவேன். சொன்னா கேட்டுட்டுப் பேசாம இருங்க. வாயத் திறங்கப்பா."

பிறகு கரண்டி கிண்ணத்தில் உரசியது.

கதையை இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற புத்தி எனக்கு இல்லை.

5

முதல் முடிவு: சில வாரங்களில் அப்பா தூக்கத்திலேயே போய்விடுகிறார். அக்கா ஜன்னலைத் திறக்கிறாள்.

போன ஞாயிறு அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அவர எதுக்குக் கொல்ற? உன் கதை சீக்கிரம் முடியணும்னா?"

இரண்டாவது முடிவு: தம்பி அப்பாவை ஒரு மாதம் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிரவேயில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா எழுதிட்டா செஞ்ச மாதிரி ஆயிடும் உனக்கு. எழுதாத."

அதனால் அதை எழுதவில்லை. நேற்று எங்கள் வீட்டு அறைக் கதவை அளந்தேன். நாடாவின் மறுமுனையை மனைவி பிடித்தாள். எதற்கென்று கேட்கவில்லை. இருபத்தெட்டு அங்குலம். அப்பாவின் சக்கர நாற்காலி இருபத்தாறு. நுழையும். நுழையாது என்று வந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் இதைப் படிக்கிற நேரத்துக்குச் சொல்லியிருப்பேனா? ஐந்து பகுதி என்னோடு இருந்துவிட்டீர்கள், என்னை ஓரளவு தெரிந்திருக்கும். நீங்களே முடிவு செய்யுங்கள். சொல்லியிருப்பேன் என்று தோன்றினால், எனக்கும் ஒரு வார்த்தை தெரிவியுங்கள்.