ஷிராணியின் பெயரில் ஒரு குழி

பெரிய கம்பனி தன் கற்குழியை மூடிவிட்டுப் போன வருடம்தான் ஷிராணியின் காணிக்கு அடியிலும் அதே வெள்ளைக் கல் இருக்கிறது என்று பார்த்துச் சொன்னார்கள். கண்டிக்குப் பக்கத்தில், திகனைக்கு மேலே மேடும் பள்ளமுமாகக் கிடந்த அந்தக் காணி, அவளுடைய அம்மாவுக்கு அரசாங்கம் கொடுத்தது. கறுவாக் கன்று வைத்தார்கள், வேர் பிடிக்கவில்லை. மிளகுக்கொடி ஏற்றினார்கள், அதுவும் காய்ந்தது. ஒரு முழம் தோண்டினால் கல் தட்டும் மண்ணில் எதுதான் வேர் விடும்?

அவளுடைய புருஷன் ஜொனி அந்தக் கம்பனியில் பாறைக்குத் துளை போடுகிறவனாக இருந்தவன். வேலை போன பிறகு திகனை டவுனில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். ஒருநாள் பிரதேச சபை மண்டபத்தில் கூட்டம் என்று சொன்னார்கள். இனிப் பெரிய கம்பனிகளை மட்டும் நம்பியிருக்க முடியாது, காணிக்காரர்களே சிறிய அளவில் கல் எடுக்கலாம், உரத்துக்கும் தரை ஓடுகளுக்கும் பெயின்டுக்கும் வாங்க ஆள் இருக்கிறது என்று ஓர் அதிகாரி விளக்கினார். வரும் வழியெல்லாம் ஜொனி பேசிக்கொண்டே வந்தான்.

"இவ்வளவு நாளா இன்னொருத்தனுக்குக் கல்லு ஒடைச்சேன். இனி நமக்கு ஒடைப்போம் ஷிராணி."

அம்மாவுக்குப் பிறகு காணி ஷிராணியின் பெயருக்கு வந்திருந்ததால் அனுமதிப்பத்திரத்துக்கும் அவளே அலைந்தாள். சுரங்க அலுவலகம், சுற்றாடல் அலுவலகம், பிரதேச செயலகம், வெடிமருந்துக்குப் பொலிஸ். ஓர் இடத்தில் சிங்களத்தில் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். இன்னோர் இடத்தில் வரைபடம் பழசு என்றார்கள். கடைசிக் கையெழுத்து கிடைத்தபோது முதலில் வாங்கிய கடிதம் காலாவதியாகிவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து. யாரும் அவளிடம் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் முகம் சுளிக்கவுமில்லை. எல்லோரும் அவரவர் சட்டத்தைச் சரியாகத்தான் சொன்னார்கள். அந்தச் சரிகளை ஒன்றாகக் கோக்க மட்டும் யாருமில்லை.

கிடைத்தது சின்ன அனுமதி. கையால் உடைக்கலாம், ஆழமில்லாத துளையில் கொஞ்சமாக வெடி வைக்கலாம். பெக்கோ மாதிரி மண் தோண்டும் இயந்திரம் எதையும் இறக்கக் கூடாது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இதை எடுத்துக்கொண்டு கண்டியில் வங்கி முகாமையாளரிடம் போனபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

"அரசாங்கக் காணிய நாங்க ஈடு எடுக்க ஏலாது மிஸிஸ். லைசனும் ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் குடுக்கலேன்னா நான் யாரப் புடிக்கிறது?"

அலவாங்கும் சம்மட்டியுமாக ஜொனி கொஞ்சக் காலம் உடைத்தான். மழை பெய்தால் குழியில் தண்ணீர். தண்ணீர் இறைக்க மோட்டார் வாடகை. ஒரு லோட் சேர்வதற்குள் வாங்க வந்த டிப்பர் லொறி வேறு காணிக்குப் போய்விடும்.

அப்போதுதான் ரவிகுமார் வந்தார். குண்டசாலைப் பக்கம் கல் அரைக்கும் ஆலை வைத்திருந்தவர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கதிரை இருக்கும்போதே பலகை முக்காலியில் உட்கார்ந்து, ஷிராணி கொடுத்த வெறுந்தேநீரை ரசித்துக் குடித்தார்.

"பெக்கோவும் நான் தாறேன், துளை போடுற மிஷினும் நான் தாறேன் அக்கா. வாடகைய கல்லுல கழிச்சுக்குவோம். நீங்க வேற ஆளுக்கு மட்டும் கல்லு குடுக்கக் கூடாது."

"பெக்கோ இறக்கக் கூடாதுன்னு லைசன்ல இருக்குங்களே," என்றாள் ஷிராணி.

"சின்ன ஆளுங்கள வாழ விடவா அப்பிடி எழுதிருக்காங்க? நீங்களே சொல்லுங்க, கையால ஒடச்சு யாரு முன்னுக்கு வந்தா?"

அந்த ஒன்றில் அவர் சொன்னது உண்மை. ஷிராணி கேட்டுக்கொண்டதால்தான் இயந்திரங்கள் வாடகைக்குத் தரப்படுகின்றன என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைத்தாள்.

மூன்று மாதம் நன்றாகப் போனது. வீட்டுக்கு ஒரு புது அலுமாரி வந்தது. குழி கீழே கீழே இறங்கி, பக்கத்து வீட்டு வேலியை நெருங்கியது. பக்கத்து வீடு றம்லத்துடையது. முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரியைத் தாத்தா என்பார்கள். ஷிராணியும் அவளை றம்லத் தாத்தா என்றே கூப்பிட்டுப் பழகியவள். வேலியோரம் வைத்த முதல் வெடிக்கே றம்லத்தின் சமையலறைச் சுவரில் கோடு விழுந்தது. பிறகு கிணறு கலங்கி வெள்ளையாக ஊறியது.

றம்லத் வேலியோரம் வந்து நின்றாள். "ஷிராணி, மகள் மாசமா ஈக்கிறா. வெடிக்கக்குள்ள ஒவ்வொரு தரமும் திடுக்கிட்டுப் போறா. கொஞ்சம் கொறச்சுச் செய்ங்களே."

"சொல்றேன் தாத்தா," என்றாள் ஷிராணி.

ஜொனியிடம் சொல்லவும் செய்தாள். ரவிகுமாரின் ஆட்கள் ஆழத் துளை போடுவது ஜொனிக்கும் பிடிக்கவில்லைதான். "பாறை உள்ளுக்குள்ள தளர்ந்து போகும். கம்பனியில இப்பிடிப் போட்டா வீட்டுக்கு அனுப்பிருவாங்க," என்றான். ஆனால் வேலையை நிறுத்தினால், கழிக்கக் கல் இல்லாமல் வாடகைக் கடன்தான் ஏறும். மழைக்காலம் வருவதற்குள் கழித்துவிடலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள். கடைசி வார்த்தை சொன்னது ஷிராணிதான்.

மழை முந்திக்கொண்டு வந்தது. இரவெல்லாம் பெய்து விட்டிருந்த ஒரு காலையில், ஆலைக்குக் கல் அவசரம் என்று ரவிகுமார் தொலைபேசியில் சொன்னார். டிப்பருக்கு வழிகாட்ட ஜொனி குழிக்குள் இறங்கினான். மேலே பிதுங்கி நின்ற பாறை சத்தமே போடாமல் கழன்றது. ஷிராணி ஓடிப் போனபோது அவனுடைய இடுப்புக்குக் கீழே கல்லும் சேறும். றம்லத்தின் மருமகன் அரூஸ்தான் முதலில் குதித்து, கையாலேயே சேற்றை வாரினான். பெக்கோ ஓட்டியவனைக் காணவில்லை. மத்தியானத்துக்குள் பெக்கோவையும் காணவில்லை.

ஜொனி பிழைத்தான். கண்டி ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை சத்திரசிகிச்சை செய்தார்கள். வலது கால் இருக்கிறது, அவ்வளவுதான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனிதர். குழியின் ஆழத்தை அளந்துவிட்டு, ஷிராணியைப் பார்க்காமலே பேசினார்.

"இது கையால வெட்டின குழி இல்லேன்னு எனக்குத் தெரியும். யாருட மிஷின்னும் தெரியும். ஆனா லைசன் உங்கட பேரில. மிஷினக் கேட்டதும் நீங்கன்னு எழுத்தில இருக்கு. நான் என்னம்மா செய்ய?"

"நான் கேக்கல சேர். அவராதான் வந்து மிஷின் தாறேன்னு சொன்னாரு."

"அத நான் அறிக்கையில எழுத ஏலாது."

தெல்தெனிய நீதிமன்றத்தில் ஷிராணி கூண்டில் ஏறினாள். ரவிகுமார் சாட்சியாக வந்தார். தான் கல் வாங்கும் வியாபாரி மட்டும்தான் என்றார். வெளியே வந்தபோது அவளருகில் நின்று, "ஜொனி அண்ணன் எப்பிடி இருக்காரு?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அவள் அவர் முகத்தில் துப்ப நினைத்தாள். "இருக்காரு," என்றாள்.

தண்டப்பணம் கட்ட அலுமாரி போனது, தோடு போனது. அனுமதிப்பத்திரத்தை ரத்துச் செய்தார்கள். குழியை அவளே மூட வேண்டும் என்றும் உத்தரவு. மூட மண்ணுக்கு எங்கே போவது? குழியில் பச்சைத் தண்ணீர் நின்றது. ஷிராணி பல்லேகலையில் தையல் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தாள்.

அடுத்த வருடம் சித்திரை கழிந்து, றம்லத்தின் காணியில் அளவைக்காரர்கள் கயிறு பிடிப்பதைக் கண்டாள். கூடவே குடை பிடித்தபடி ரவிகுமார். அன்று மாலையே அரூஸ் டவுனில் வைத்திருக்கும் தொலைபேசிக் கடைக்குப் போனாள்.

"தம்பி, கையெழுத்து வச்சிராதீங்க. மொத அவரு கதிரையில கூட ஒக்காராமப் பேசுவாரு."

அரூஸ் மரியாதையாகத்தான் கேட்டான். பிறகு சொன்னான்: "கோவிச்சுக்க வேணாம். நீங்க வெளங்காமச் செஞ்சிட்டீங்க. நாங்க லோயர் ஒருத்தர்ட காட்டித்தான் எழுதியீக்கிறோம். ஒங்களுக்கு நடந்தது எங்களுக்கும் நடக்கணும்னு இல்லயே."

"நான் பொறாமையில சொல்லல தம்பி."

"நான் அப்பிடிச் சொல்லவும் இல்ல," என்றான். ஆனால் அவன் அப்படித்தான் நினைத்தான் என்பது தெரிந்தது.

அவள் நேரே றம்லத்திடம் போனாள். றம்லத் பேரப்பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். சமையலறைச் சுவரில் விழுந்த கோடு இப்போது கை நுழையும் அளவுக்கு விரிந்து, அதில் பழந்துணி அடைத்திருந்தது.

"தாத்தா, உங்க கண்ணால பாத்தீங்கதானே?"

"பாத்தன்," என்றாள் றம்லத். "எனக்கு வெளங்காமயா? அவன் எப்பிடிப்பட்டவன்னு ஒனக்கு முன்னுக்கே எனக்குத் தெரியும் ஷிராணி. ஒங்கட குழிதான் இந்த வீட்ட ஒடச்சிச்சி. நஷ்டஈடு கேட்டா, யாருட்ட கேக்கிறதுன்னு யாருக்கும் தெரியல்ல. ஒன்ட்டயும் ஒண்ணுமில்ல. வெடிச்ச வீட்ட விக்கவும் ஏலா, குடிக்கத் தண்ணியும் இல்ல. அவன் முற்பணம் தாறான், கிணறு வெட்டித் தாறன்னு சொல்றான். நீ தருவியா?"

பிள்ளை கண் விழித்து அழுதது.

"மன்னிச்சிருங்க தாத்தா," என்றாள்.

"அத வச்சி நான் என்ன செய்ய? போ, ஜொனி தனிய இருப்பான்."

வீட்டில் ஜொனி ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படியில் இருந்தான். முகச்சவரம் செய்திருந்தான்.

"ரவிகுமார் ஆள் அனுப்புனாரு," என்றான் அவளைப் பார்க்காமல். "அரூஸ்ட குழியில டிப்பர் வாறது போறது பாக்க ஆள் வேணுமாம். ஒக்காந்து செய்ற வேலதான்."

"என்ன சொன்னீங்க?"

"வாறேன்னு சொன்னேன்."

அவள் கத்துவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

"சாப்பாடு கட்டித் தரணுமா, அங்க குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.