கிச்சன் லேப்டாப்

பின்னங்களைக் கூட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் முகம் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. அது அவளுக்குத் தெரியாது. திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளைகளுக்குத்தான் தெரிந்தது. படம் மறுபடி அசைந்தபோது, "மிஸ் சிலையாயிட்டாங்க" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்துக் கட்டத்தில் மேடம் மட்டும் சிரிக்கவில்லை. இந்த ஆன்லைன் வகுப்புகள் அவருடையவை. பெற்றோர்கள் புகார் மேல் புகார் சொன்னதால் இன்று அவரே உட்கார்ந்து பார்த்தார். வகுப்பு இவளிடம் இருப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். "அப்புறம் கூப்பிடறேம்மா" என்று சொல்லிவிட்டு மறைந்துபோனார்.

சமையலறை மேஜையில் அவளுக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் பேசின் இருந்தது. அவள் பாடம் எடுக்கும்போது வீட்டில் எல்லோரும் நெட்டை அணைத்துக் கைபேசியை அதில் போட்டுவிட வேண்டும். இருக்கிற கொஞ்ச நெட்டும் அவளுக்கே போகட்டும் என்று கணவன் செய்த ஏற்பாடு அது. போடும்போது அவன் பெருமூச்சு விடுவான். மாமியார், "எங்களை எல்லாம் சந்நியாசி ஆக்கிட்டா" என்பாள். மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவாள். அவளோ வகுப்பு முடிந்த கையோடு எழுந்து, கேட்டதையும் கேட்காததையும் செய்து கொடுத்து, பெரிய உபகாரம் வாங்கியவளைப் போல அவர்களைச் சுற்றிச் சுற்றி வருவாள்.

இணைப்பு கொடுத்த கம்பெனிக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் ஆப்பைத் திறக்கச் சொன்னாள். ஆப் கணவனின் கைபேசியில்தான் இருந்தது; அவன் குளித்துக்கொண்டிருந்தான். பேசினிலிருந்து எடுத்து, நெட்டைப் போட்டுத் திறந்தாள். டிவி, அவனுடைய ஆபீஸ் கம்ப்யூட்டர், மகளின் கைபேசி என்று வீட்டு நெட்டில் ஓடுபவை எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் 'கிச்சன் லேப்டாப்'. தன் லேப்டாப்புக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அதன் பக்கத்தில் மட்டும் ஒரு சின்னப் பூட்டு.

"லைன் நல்லாத்தான் இருக்கு மேடம். இந்த ஒண்ணுக்கு மட்டும் ஸ்பீடைக் குறைச்சு வெச்சிருக்காங்க. உங்க வீட்லதான் யாராவது செஞ்சிருக்கணும்," என்றாள் கம்பெனிப் பெண்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்த கணவனிடம் கைபேசியை நீட்டினாள். அவன் பார்த்த உடனே புரிந்துகொண்டான். அவள் வகுப்பு ஆரம்பித்த புதிதில் அவனுடைய மீட்டிங் பாதியில் நின்றுபோனதாம், அன்று வைத்த பூட்டாம். மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் நம்பியிருப்பாள். நம்புவதற்குத் தயாராகவே நின்றிருந்தாள்.

"உனக்கு இது போதும்னு நெனச்சேன். சின்னப் பசங்களுக்குக் கணக்குதானே."

"அப்புறம் எதுக்குங்க இந்தப் பேசின்?"

"நெட் இல்ல, நெட் இல்லன்னு நீதானே புலம்பிட்டிருந்த? ஏதோ செஞ்சா உனக்கும் ஆறுதலா இருக்கும்ல."

சொட்டுகிற குழாயை இறுக்கிவிட்டவனைப் போல சாதாரணமாகச் சொன்னான். விரலால் ஒரு தட்டுத் தட்டினான். பூட்டு போய்விட்டது.

அப்போது மேடத்தின் போன் வந்தது. என்னதான் பிரச்சினை என்று கேட்டார். "வீட்ல ஏதாவதுன்னா சரி பண்ணுங்க, இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம். லைனே அப்படித்தான்னா நான் வேற ஆளைத்தாம்மா பாக்கணும்."

கணவன் துண்டோடு அப்படியே நின்றான். பதில் அவள் நாக்கின் நுனியில் இருந்தது. வீட்டில்தான், சரியாகிவிட்டது என்றால் போதும். ஆனால் வீட்டில் என்ன என்று மேடம் அடுத்துக் கேட்பார். இந்த வீட்டில் தன்னை எந்த அளவில் வைத்திருந்தார்கள் என்பதை வெளியாள் ஒருத்தியிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். செய்தவன் அவன், கூசியது அவளுக்கு.

"லைன்தான் மேடம்," என்றாள்.

மேடம் வருத்தப்பட்டார், நல்லா இருங்க என்றார், வைத்துவிட்டார்.

"நல்லவேளை," என்றான் கணவன். "என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க."

லேப்டாப்பில் திறந்தபடியே இருந்த வகுப்புப் பக்கத்தில் மேடத்தின் அறிமுக வீடியோ தானாக ஓடத் தொடங்கியது. ஒரு நொடிகூட நிற்கவில்லை. அவள் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.