இரண்டு பேருக்கு ஒரு பெயர்

இறந்து ஏழு வருடமான ரோசால்வா காந்து, அக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், வெல்டன் ஊர் வான்கோழி ஆலையின் காலை ஷிப்டுக்கு வந்து நின்றாள். பூப்போட்ட கவுன், ஒரு காலில் மட்டும் செருப்பு. மற்றவர்கள் இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் வெள்ளை அங்கி மாட்டியும் அந்தக் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ரோமம்கூடச் சிலிர்க்கவில்லை. சூப்பர்வைசர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பெல்ட் நிற்காமல் ஓடியது, நிமிடத்துக்கு முப்பது பறவை என்ற கணக்கு குறையவில்லை, ஆகவே அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அந்த வருடம் வந்த அரசாங்கச் சுகாதார ஆய்வாளர், நெஞ்சுக்கறிப் பிரிவில் தலைவலை போடாத பெண் ஒருத்தி நிற்பதாக எழுதிவைத்தார். அப்படி யாரும் எங்கள் பட்டியலில் இல்லை என்று ஆலை பதில் அனுப்பியது. அவள் பெயரைக் கேட்டிருந்தால் பட்டியலில் இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

அவள் போய் நின்றது எவுலாலியா சோக்கின் எதிரில். குவாத்தமாலாவின் மலைப் பக்கத்திலிருந்து இருபத்தாறு வயதில் வந்த எவுலாலியா, ஐந்து வருடமாக ஆலைக்குள் ரோசால்வா காந்துவாக இருந்தாள். டெக்சாஸ்காரியான உண்மை ரோசால்வா எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவிலிருந்த சித்தி வீட்டுக்குப் போன இடத்தில் காரில் அடிபட்டு இறந்தவள். அங்கேயே புதைத்துவிட்டார்கள். சாவுச் செய்தி இந்தப் பக்கத்து அலுவலகம் எதற்கும் வந்து சேரவில்லை. அவளுடைய பிறப்புச் சான்றிதழும் அரசாங்க எண் அட்டையும் பெட்டிக்குள் சும்மா கிடப்பதைப் பார்த்த மைத்துனன் ஒருவன் அவற்றை விற்றான். நாலு கை மாறி அவை எவுலாலியாவிடம் வந்தன. ஆலையில் ஆள் எடுக்கும் மேசையிலிருந்த லோயிஸ் டிரேயர் அவற்றைப் புரட்டிப் பார்த்தாள். காகிதம் பார்வைக்கு நிஜம் போலிருந்தால் போதும் என்பது சட்டம். அதற்கு மேல் குடைந்து கேட்டால் கேட்டவர் மேல் வழக்கு வரும். லோயிஸ் குடைகிற ரகமில்லை. நல்ல மனுஷி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், காகிதத்தைப் பார்த்தால் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

வேலைக்குச் சேருவதற்கு முன் எவுலாலியா இரண்டு வாரம் பயிற்சி எடுத்தாள். கறி வெட்ட இல்லை, திரும்பிப் பார்க்க. ஒரே வீட்டில் தங்கியிருந்த பெண்கள் அவள் பாத்திரம் கழுவும்போது, தலை பின்னும்போது, பின்னாலிருந்து திடீரென்று "ரோசால்வா!" என்று கத்துவார்கள். சட்டென்று திரும்பும்வரை விடமாட்டார்கள். அந்த ஊரில் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் இப்படித்தான் தேறினார்கள். ஆலைப் பெயர் ஒன்று, வீட்டுப் பெயர் ஒன்று. பெல்ட்டில் நிற்கும்போது ஒருவரை வீட்டுப் பெயரால் கூப்பிடுவது, துணியை உருவுவது மாதிரி.

"நீதான் ரோசால்வாவா?" என்றாள் வந்தவள்.

எவுலாலியாவின் கத்தி நின்றது. "ஆமா... இங்க மட்டும்."

"நல்லா இருக்குடி நியாயம். அது நான். உன்னைத் தேடி ஒத்தச் செருப்போட ஏழு வருஷம் நடந்திருக்கேன்."

அவள் சண்டைக்கு வரவில்லை. போக வழியில்லாமல் வந்திருந்தாள். செத்தவள் என்று யாரும் எழுதிவைக்காததால் அவளால் முழுதாகச் சாக முடியவில்லை. அவள் பெயரில் தினமும் எட்டு மணி நேரம் வேலை நடந்தது, வரி கட்டப்பட்டது, ஒரு தரம் பல்கூடப் பிடுங்கப்பட்டது. "இவ்வளவு சுறுசுறுப்பா இருக்கறவளை எந்தக் கணக்குல சேத்துக்கறது?" என்று மேலே கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். ஆகவே அவள் எவுலாலியாவின் எதிரிலேயே நின்றாள். அப்போது இருவருக்கும் முப்பத்தொரு வயது, ரோசால்வாவுக்குச் செத்த அன்றே வயது நின்றுவிட்டது. எவுலாலியாவின் அடுத்த பிறந்தநாளிலிருந்து ரோசால்வா அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

இருவருடைய விதியும் மாநிலத் தலைநகரில் ஒரு மேசை டிராயரில் இருந்தது. சட்டமன்றத் தொழிலாளர் குழுவின் தலைவர் மெர்வின் ஸ்ட்ரூபே, ஒவ்வொரு தேர்தலிலும் வெல்டன் சந்தை மைதானத்தில் சோளக் கதிரைக் கடித்துக்கொண்டே முழங்குவார்: வேலை கொடுக்கிற ஒவ்வொருவரும் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் அரசாங்கக் கணினியில் சோதித்தே ஆக வேண்டும், பெயரும் எண்ணும் முகமும் பொருந்த வேண்டும், அதற்கு நான் பொறுப்பு. கை தட்டுவார்கள். ஜனவரியில் மசோதா வரும். மார்ச் முதல் வெள்ளிக்குள் குழுவைத் தாண்டாத மசோதா அந்த வருடத்துக்குச் செத்தது என்பது அங்கே விதி. பிப்ரவரியில் ஆலை முதலாளிகள் போய் அவரைப் பார்ப்பார்கள். அவர் அண்ணனுக்கே எட்டுக் கொட்டகை வான்கோழி இருந்தது. மசோதா கிடப்பில் போடப்படும். மேடையில் அதைக் கேட்டு முழங்கியவர்களும், வரக் கூடாதென்று வெல்டன் தேவாலயத்தில் முழங்காலிட்டவர்களும், அந்த வெள்ளி சாயங்காலம் ஒரே மாதிரி நிம்மதியாக மூச்சுவிடுவார்கள். மசோதா வருடா வருடம் செத்து வருடா வருடம் பிறந்தது. ரோசால்வாவுக்கு ஒரு தரம் சாகக்கூடக் கொடுத்துவைக்கவில்லை.

அவள் வந்து ஐந்தாவது வருடம், "அக்கா, என்னை அங்க கூட்டிட்டுப் போ. நானே கேட்டுக்கறேன்" என்றாள்.

எவுலாலியா கணக்குப் போட்டுப் பார்த்தாள். மசோதா நிறைவேறினால் முதல் வாரமே தன்னைப் பெல்ட்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். வீட்டில் எட்டு வயது நெலி இருந்தாள். ஆனாலும் ஐந்து வருடம் எதிரில் நின்று பேச்சுத்துணையாக இருந்தவள் கேட்கிறாள், அதுவும் அவள் பெயரைத்தான் தான் உடுத்திக்கொண்டிருக்கிறோம். லீவு சொல்லிவிட்டுக் காரில் அழைத்துப் போனாள். மூன்று மணி நேரமும் ரோசால்வா ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே வந்தாள்.

குழு கூடிய அறையில் பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். ரோசால்வா எழுந்து நின்றாள். "ஐயா, நான் செத்துப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. என் பேர்ல ஒருத்தி வேலை பாக்கறா. அவ மேல எனக்குக் கோவம் கிடையாது, நல்லவ. நீங்க ஒரு தரம் சோதிச்சுட்டா நான் போயிடுவேன். வேணாம்னா வேணாம்னு சட்டம் போடுங்க, அவளை அவ பேர்லயே இருக்க விடுங்க. ஏதாவது ஒண்ணு செய்ங்க. ரெண்டுங்கெட்டானா எத்தனை வருஷம்யா நிக்கறது?"

ஸ்ட்ரூபே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே கலங்கிப்போயிருந்தார். "அம்மா, உங்க சாவுக்கு என்னோட ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றார். பிறகு, இந்த விஷயத்தை இன்னும் ஆழமாக ஆராய வேண்டியிருக்கிறது என்று அறிவித்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது பாட்டு இல்லை. எவுலாலியாவுக்கு உடம்பெல்லாம் நிம்மதி, அந்த நிம்மதியை நினைத்து உடம்பெல்லாம் வெட்கம். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி, ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதாள். "அழாதேக்கா" என்றாள் ரோசால்வா. "உன்னையும்தானே எங்கயும் எழுதி வைக்கல."

அதற்குப் பிறகுதான் எவுலாலியாவுக்கு அந்த ஆசை பிடித்தது. கல்லறையில் தன் பெயர் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். எவுலாலியா சோக், அவ்வளவுதான். நெலியிடம் சொல்லிவைத்தாள், வருடத்துக்கு நாலு தரம் ஞாபகப்படுத்தினாள். பதினைந்து மார்ச் மாதங்கள் போயின. ஸ்ட்ரூபேவுக்கு முடி நரைத்தது, தொகுதி மாறவில்லை. எவுலாலியாவின் விரல்கள் கத்தி பிடித்த வாக்கிலேயே மடங்கி நின்றன. ஐம்பத்தொன்றாம் வயதில் கணையத்தில் கட்டி வந்தது.

மருத்துவமனையில் சேர்க்கும்போது கையில் கட்டிய பட்டையில் ரோசால்வா காந்து, வயது ஐம்பத்தெட்டு என்று இருந்தது. காப்பீடு அந்தப் பெயரில்தானே. ஒவ்வொரு மருந்துக்கும் முன்னால் நர்ஸ் பெயரும் பிறந்த தேதியும் கேட்பாள், நோயாளி வாயால் சொல்ல வேண்டும். எவுலாலியா சொன்னாள். கட்டில் காலடியில் பூப்போட்ட கவுனுடன் உட்கார்ந்திருந்த ரோசால்வா ஒவ்வொரு தரமும் தன் பெயரைக் கேட்டுத் தலையசைத்தாள்.

கடைசி வியாழன் காலை எவுலாலியா தெளிவாக இருந்தாள். "இன்னிக்கு நர்ஸ் கேட்டா என் பேரைச் சொல்லப் போறேன்" என்றாள். "இனிமே யாரு என்ன செய்ய முடியும்?"

"சொல்லுங்கம்மா" என்றாள் நெலி. "பக்கத்துலயே இருக்கேன்."

"நான் இன்னும் கொஞ்ச நாள் நிக்கறேன், பரவாயில்லை. சொல்லிடுக்கா" என்றாள் ரோசால்வா.

நர்ஸ் வந்தாள், சிரித்தாள், ஊசியைத் தயார் செய்தாள். "பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

"ரோசால்வா காந்து. பிப்ரவரி பன்னிரண்டு."

மூவரும் திகைத்துப்போனார்கள். இருபத்தைந்து வருடத்துப் பழக்கம், அவளைக் கேட்காமல் நாக்கு முந்திக்கொண்டது. எவுலாலியா வாயைப் பொத்திக்கொண்டு நெலியைப் பார்த்தாள். நர்ஸைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று கையைத் தூக்கினாள். மருந்து இறங்கிவிட்டது. அந்த உறக்கத்திலேயே மதியம் உயிர் போயிற்று.

டாக்டர் எழுதியது ரோசால்வா காந்துவின் சாவை. அவர் கையெழுத்து முடியும் நேரத்தில் ரோசால்வா எழுந்தாள், நெலியின் நெற்றியில் முத்தமிட்டாள், "மன்னிச்சுக்கோடா கண்ணு" என்றாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

நெலி பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கல்லறையில் பெயர் பொறிக்க எவுலாலியா சோக்கின் சாவை எழுத வேண்டும் என்றாள். அங்கிருந்தவர் கணினியில் நெடுநேரம் தேடினார். மரியாதையான மனிதர்தான். "அப்படி ஒருத்தர் இங்க இருந்ததாவே இல்லையேம்மா. இருந்தாத்தானே சாக முடியும்? சட்டம் ஏதோ வரப் போகுதுன்னு சொல்றாங்க. வந்ததும் வாங்க."

திங்கட்கிழமை காலை எவுலாலியா சோக், மருத்துவமனை அங்கியுடன், ஆலையின் ஆள் எடுக்கும் மேசைக்கு முன்னால் நின்றாள். வேறு எங்கே போவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"பேரு?" என்றாள் லோயிஸ்.

"எவுலாலியா சோக்." அந்த மேசையில் முதல்முறையாகச் சொன்னாள்.

"பேப்பர்?"

"இல்ல."

லோயிஸுக்குப் பார்க்கக் காகிதம் இல்லை. வேறு வழியில்லாமல் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவள் நெடுநேரம் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள். "பேப்பர் இல்லாம வேலைக்கு எடுக்க முடியாதும்மா" என்றாள். "சும்மா நிக்கறதுன்னா நின்னுக்கோ. அதுக்கு ஃபாரம் கிடையாது."

எவுலாலியா ரோசால்வாவின் இடத்தில் போய் நின்றாள். குளிர் தெரியவில்லை. எதிரில் கத்தியோடு ஒரு புதுப் பெண் நின்றாள்.

ஷிப்டு முடிகிற மூன்றரை மணிக்கு நெலி வாசல் கம்பிக்கு வெளியே காத்திருந்தாள். கூட்டத்தோடு அம்மா வருவது தெரிந்தது. "எவுலாலியா!" என்று கத்தினாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று எவுலாலியா நடந்துபோனாள். "அம்மா!" என்றதும் திரும்பினாள். நெலி மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். அம்மா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டு அந்தப் பெயரை மட்டும், இடது பக்கமிருந்தும் வலது பக்கமிருந்தும், எதிர்பாராத நேரமாகப் பார்த்துக் கத்தினாள். கூட வந்த பெண்களுக்கு இந்தப் பயிற்சி தெரியும். அவர்களும் சேர்ந்து கத்தினார்கள். மார்ச் முதல் வெள்ளியன்று எவுலாலியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அந்த வருடமும் மசோதா கிடப்பில் போடப்பட்டது. திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு அவள் நேரத்துக்கு வந்து நின்றாள்.