விமானம் பார்க்கிற வேலை

ஆம்பூர் தோல் டேனரியில் இருபது வருஷம் சுண்ணாம்புக் குழியில் நின்றவனுக்கு மலைமேல் தொலைநோக்கிக் கூடத்தில் கிடைத்த வேலை, அண்ணாந்து பார்ப்பது. மஞ்சள் லேசர் கோடு வானத்துக்குப் போகும்போது பக்கத்தில் விமானம் வந்தால் சிவப்புப் பட்டனை அமுக்கிக் கோட்டை அணைக்க வேண்டும். இல்லையென்றால் பைலட் கண் கூசித் தடுமாறிப்போவான். தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் அந்தக் கோடு ஒரு பொய் நட்சத்திரத்தை உண்டாக்குகிறதாம். காற்றில் அது நடுங்குவதை அளந்து, நொடிக்கு நூறு தடவைக்கு மேல் உள்ளே ஒரு கண்ணாடி வளைந்து கொடுக்கிறது. அப்போதுதான் நிஜ நட்சத்திரம் நடுங்காமல் தெரியும் என்று கூடத்து விஞ்ஞானி பூர்ணிமா மேடம் சொல்லியிருந்தார்.

என் பெண்டாட்டியின் தம்பி செல்வகுமார் வேறு மாதிரி சொன்னான், அந்தக் கோடுதான் மழை மேகத்தைக் கலைக்கிறது என்று. அணைக்கட்டு கிராமத்தில் அவன் போட்ட வேர்க்கடலை ரெண்டாவது தடவையும் கருகிவிட்டது. கோடு எரிகிற நாளில் மேகமில்லை, மேகம் வந்த நாளில் கோடு இல்லை. ஊரே பார்த்த கணக்கு அது. மேகம் இருந்தால் லேசரே போட மாட்டார்கள் என்றேன். யார் கேட்டார்கள்?

அன்றைக்கு ராத்திரி எட்டரை மணிக்கு வேலி தாண்டி வந்தான். கையில் கடப்பாரை.

"தள்ளு மாமா. அந்த லைட்டுப் பொட்டிய ஒடச்சிட்டுப் போய்டறேன்."

"பேஜார் பண்ணாதடா. வூட்டுக்குப் போ."

"சம்பளத்துக்கு மழைய வித்துட்டியே, நீயெல்லாம் இன்னா மனுசன்!"

கடப்பாரை தோளில் இறங்கியது. எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. அவன் இடுப்பைக் கட்டிச் சுவரில் மோதினேன். காதைக் கடித்துப் பிய்த்தான். இரண்டு பேரும் விழுந்தோம். அவன் தலைக்கு மேலே வாணியம்பாடிப் பக்கமிருந்து ஒரு விளக்கு, நேராகக் கோட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

பட்டன் பத்தடி தள்ளி.

"விடுடா! ஃப்ளைட்டு வருது, ஜனம் இருக்குது அதுல!"

"எங்க ஜனம் சாவல?"

கழுத்தை நெரித்தான். எனக்கு மூச்சு நின்றது. ஒரு கைதான் இருந்தது. அதன் கட்டைவிரலை அவன் கண்ணில் இறக்கினேன், பிடி விடும்வரைக்கும்.

அவன் அலறி உருண்டான். நான் ஊர்ந்து போய் பட்டனை அமுக்கினேன். கோடு அறுந்தது. இருட்டில் விமானம் மேலே இரைந்துகொண்டு போனது.

செல்வகுமார் முகத்தைப் பொத்தியபடி சிரித்தான். "அணஞ்சிச்சி மாமா... நீயே அணச்சிட்ட."

வாக்கிடாக்கியில் மேடம் கேட்டார். "அண்ணா, ஃப்ளைட் போய்டுச்சா? திரும்பப் போடலாமா?"

"வேணாம் மேடம். மொதல்ல வண்டி அனுப்புங்க. ஒருத்தனுக்குக் கண்ணு போச்சு."

"ஐயோ, யாருக்கு? யார் பண்ணது?"

"என் மச்சானுக்கு," என்றேன். "நான்தான் பண்ணேன்."